மருத்துவர் எதிரே ஒரு நாற்காலி

தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் இருநூறு ஆண்டுப் பழமையுள்ள சில தாள்கள் இருக்கின்றன. இரண்டாம் சரபோஜி மன்னர் ஆண்ட காலத்தில் (1798–1832) கண் நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களைப் பற்றிய குறிப்புகள் அவை. வந்தவர் யார், கண்ணில் என்ன கோளாறு, என்ன சிகிச்சை நடந்தது என்று எழுதி, அந்தக் கண்ணைப் படமாகவும் வரைந்து வைத்திருக்கிறார்கள். நோயாளி சொல்வதைக் கேட்பது, பார்த்ததைப் பதிவது, பிறகு கை வைப்பது என்ற ஒழுங்கு அந்தத் தாள்களில் தெரிகிறது. அதே அரண்மனையில்தான் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற சகோதரர் நால்வரும் இன்று நாம் காணும் பரதநாட்டியக் கச்சேரிக்கு வடிவம் கொடுத்தார்கள். ஆடும் உடம்பையும் நோகும் உடம்பையும் ஒரே அரண்மனை அக்கறையோடு கவனித்திருக்கிறது.

இந்த இரண்டு கவனிப்புகளில் ஒன்று மட்டுமே காவிரிப் படுகையின் திருநங்கையருக்குக் கிடைத்தது. மேடையும் திருவிழாவும் அவர்களுக்குக் கிடைத்தன. மருத்துவருக்கு எதிரே உட்கார்ந்து, "என் உடம்பும் நானும் ஒத்துப்போகவில்லை" என்று சொல்ல ஒரு நாற்காலி நம் காலம் வரை கிடைக்கவில்லை. பெண்ணாக வளர்க்கப்பட்டு ஆணாக வாழும் திருநம்பியருக்கோ மேடைகூட இருந்ததில்லை. உணரும் பாலினத்துக்கு ஏற்ப உடம்பை அமைத்துக்கொள்ள உதவும், பாலின உறுதிப்பாட்டு மருத்துவம் என்று இன்று சொல்லப்படுவதை மேல்நாட்டிலிருந்து நேற்று இறங்கிய சரக்காக நினைப்பவர்கள் இந்த நீண்ட கணக்கைப் பார்க்க வேண்டும்.

காவிரி கடலில் கலக்கும் பூம்புகாரிலிருந்தே தொடங்கலாம். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் பதினோரு ஆடல்களில், ஆண் பெண் கோலத்தில் ஆடும் பேடு என்பதும் ஒன்று. மணிமேகலையில் அதே நகரத்தின் வீதியில் பேடி ஒருவர் ஆட, ஊர் மக்கள் கூடி நின்று பார்க்கிறார்கள். தாடியும் குழலும் ஒருசேர அமைந்த அந்த உருவத்தைக் கவிஞர் விவரமாகவே தீட்டுகிறார். பூம்புகாருக்குப் பக்கத்துத் திருவெண்காட்டில் கிடைத்த அர்த்தநாரீசுவரர் செப்புத்திருமேனி பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்தது, இன்று சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரே உடலில் இரு பாலும் அமையலாம் என்பது இந்த மண்ணின் கண்ணுக்குப் புதிதில்லை. ஆனால் இதை வைத்து மட்டும் பெருமைப்பட எனக்கு மனம் வரவில்லை. வீதியில் ஆடுபவரைச் சுற்றி நின்ற கூட்டம் ஆட்டம் முடிந்ததும் கலைந்துபோயிருக்கும். அவருக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்த்தார்கள் என்பதைக் காப்பியம் சொல்வதில்லை. வேடிக்கை பார்ப்பதை ஏற்றுக்கொண்டதாக நினைத்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு நெடுநாளாக உண்டு.

வெள்ளையர் சட்டம் இருந்ததையும் கெடுத்தது. 'இயற்கைக்கு மாறான' உறவு என்று சொல்லிக் குற்றமாக்கிய, 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் அதன் பல்லைப் பிடுங்கும்வரை தலைக்குமேல் தொங்கிக்கொண்டிருந்தது. 1871-இன் குற்றப் பரம்பரைச் சட்டம் வட மாகாணங்களில் திருநங்கையரைக் காவல்துறைப் பதிவேட்டில் ஏற்றியது. சட்டத்துக்குப் பயந்த மருத்துவம் கதவைச் சாத்திக்கொண்டது. சாத்திய கதவுக்கு வெளியே, திருநங்கையரின் கூட்டுக் குடும்பமான ஜமாத்து தன் வழியைத் தானே பார்த்துக்கொண்டது. அதுதான் நிர்வாணம் என்ற, ஆணுறுப்பை அகற்றும் சடங்கு. மயக்க மருந்து கிடையாது, இதைச் செய்யும் தாயம்மா என்ற மூத்த திருநங்கையின் கையும் கத்தியும்தான். பிறகு நாற்பது நாள் ஒதுங்கியிருந்து உடம்பைத் தேற்ற வேண்டும். பிழைத்தவர்கள் சடங்கு செய்து கொண்டாடினார்கள். பிழைக்காதவர்களுக்குக் கணக்கு இல்லை. பின்னாளில் சில ஊர்களில் சிறு நர்சிங் ஹோம்கள் இதைப் பணத்துக்குச் செய்தன. கேஸ் ஷீட் இருக்காது, ரசீது இருக்காது, தையல் பிரிந்தால் கேட்க ஆளும் இருக்காது. சரபோஜி காலத்துக் கண் நோயாளிக்குக் கிடைத்த ஒரு தாள்கூட இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா' தன்வரலாற்றைப் படித்தவர்களுக்கு இது தெரியும். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்தவர் அவர். படித்த ஊரில் அவருக்கு மருத்துவம் இல்லை. அறுவை சிகிச்சைக்காக ஆந்திரத்துக் கடப்பாவுக்கு ரயிலேற வேண்டியிருந்தது. முதுகலைப் பட்டம் பெற்ற ஒருவருக்கே இந்த நிலை என்றால், வல்லத்திலிருந்தும் பேராவூரணியிலிருந்தும் பள்ளிப் படிப்பை விட்டுக் கிளம்பியவர்கள் எந்த ஊரில், எந்த மேசையில் படுத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இதே தஞ்சாவூரில் வேறு மாதிரி ஒரு வரவேற்பும் நடந்திருக்கிறது. மதுரையிலிருந்து வந்த நர்த்தகி நடராஜை, தஞ்சை நால்வரின் வழித்தோன்றலான கே. பி. கிட்டப்பா பிள்ளை சிஷ்யையாக ஏற்றுக்கொண்டார். உடனே ஏற்றுவிடவில்லை, காத்திருக்க வைத்தார். ஏற்ற பிறகு நர்த்தகி என்ற பெயரைக் கொடுத்து, குருகுல முறையில் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் தன்னிடம் இருந்ததைச் சொல்லிக்கொடுத்தார். 2019-இல் நர்த்தகிக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த விருதைப் பெற்ற முதல் திருநங்கை அவர். அவர் யார் என்று சான்றிதழ் கேட்காமல், என்ன கற்க வந்திருக்கிறார் என்று பார்த்த அந்தக் குருவின் பார்வை நம் மருத்துவமனைகளுக்கு வரவேண்டியது. அங்கே வெகுகாலம் நேர்மாறாகத்தான் நடந்தது.

மருத்துவ உலகின் கதையையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1919-இல் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற மருத்துவர் பெர்லினில் பாலியல் ஆய்வுக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். 1933 மே மாதம் நாஜிகள் அதைச் சூறையாடி, நூல்களைப் பொதுச் சதுக்கத்தில் கொளுத்தினார்கள். போருக்குப் பின் அமெரிக்காவில் ஹாரி பெஞ்சமின் இந்தத் துறையைத் திரும்ப எழுப்பினார். 1979-இல் முதல் சிகிச்சை நெறிமுறை வந்தது. ஆனால் அதற்குள் மருத்துவர் தேர்வாளர் ஆகிவிட்டிருந்தார். மருந்தோ அறுவையோ கிடைப்பதற்கு முன், விரும்பும் பாலினத்தில் பல மாதம் ஊரறிய வாழ்ந்து காட்டச் சொன்னார்கள். உடலை மாற்ற உதவாமல், மாறிய உடலோடு வாழ்வதுபோல் நடந்து காட்டு என்பது எவ்வளவு பெரிய கொடுமை! ஒரே ஒரு டீக்கடையும் ஒரே ஒரு பேருந்து நிறுத்தமும் உள்ள ஊரில், தெரிந்த முகங்களுக்கு நடுவே, அப்படி வாழ்ந்து காட்டுவது உயிரைப் பணயம் வைப்பது. வந்தவர்கள் மருத்துவர் கேட்க விரும்பிய கதையை ஒப்பிக்கக் கற்றுக்கொண்டார்கள். மருத்துவர் அதையே இலக்கணமாகப் பாடநூலில் ஏற்றினார்.

அந்தக் காலம் மெல்ல முடிகிறது. உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டில் 11-ஆம் பதிப்பு (2019-இல் ஏற்கப்பட்டு 2022-இல் நடைமுறைக்கு வந்தது) பாலினமும் உடம்பும் ஒத்துப்போகாத நிலையை மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. திருநர் நலத்துக்கான உலகத் தொழில்முறைச் சங்கம் 2022-இல் வெளியிட்ட எட்டாம் பதிப்பு நெறிமுறை, முன்பு அறுவைக்குக் கேட்ட இரண்டு பரிந்துரைக் கடிதங்களை ஒன்றாகக் குறைத்தது. நம் ஊரில் 2008 ஏப்ரல் 15 அன்று திருநங்கையர் நல வாரியம் அமைந்தது. நாட்டிலேயே முதல் வாரியம் அது. அதே ஏப்ரல் 15-இல், 2014-ஆம் ஆண்டு, திருநரை மூன்றாம் பாலினமாக ஏற்ற, உச்ச நீதிமன்றத்தின் நால்சா தீர்ப்பு வந்தது. அரசு மருத்துவமனைகளில் இலவச அறுவை சிகிச்சைக்கு வழி திறந்ததிலும் தமிழ்நாடுதான் முன்னோடி. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் பாலின வழிகாட்டு கிளினிக்குகள் வந்தன. 2019-இன் திருநர் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, ஹார்மோன் சிகிச்சை, அறுவை, அதற்கு முன்னும் பின்னும் ஆலோசனை, காப்பீடு ஆகியவற்றை அரசின் கடமையாக எழுதியது. 2021 ஜூன் 7-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பாலினத்தையும் பாலீர்ப்பையும் 'மாற்றிக் காட்டுகிறேன்' என்று நடத்தும் வைத்தியங்களுக்குத் தடை போட்டார். தனக்கு இது பற்றித் தெரியாது என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டபின் அவர் அந்தத் தீர்ப்பை எழுதினார். மருத்துவக் கல்லூரிகளில் பாடம் எடுப்பவர்கள் அந்தத் தீர்ப்பை மாணவர்களுக்கு வாசித்துக் காட்டலாம்.

சட்டம் வந்துவிட்டது. இனி அந்த நாற்காலியில் உட்காரும் முதல் நாளைப் பார்ப்போம்.

ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து இருபத்திரண்டு வயதுப் பிள்ளை ஒருவர் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். குறுவை நடவு நேரம், ஒருநாள் கூலி போகும். மதுரைக்குப் போவதென்றால் தஞ்சாவூர் வந்து, புதுக்கோட்டை வழியாகப் பேருந்தில் அரை நாள். வீட்டில் "சினேகிதன் கல்யாணம்" என்று சொல்லியிருப்பார். பையில் ஆதார் இருக்கும், அதில் வேறு பெயர் இருக்கும். அவர் முதலில் பயப்படுவது மருத்துவருக்கு அல்ல, ஓ.பி. சீட்டு போடும் ஜன்னலுக்குத்தான். "பேரு? வயசு? ஆம்பளையா பொம்பளையா?" என்று கம்பிக்குப் பின்னாலிருந்து குரல் வரும், பின்னால் முப்பது பேர் நிற்பார்கள். பிறகு பெஞ்சில் காத்திருக்கும்போது, சீட்டில் உள்ள பெயரைச் செவிலியர் உரக்கக் கூப்பிடுவார். எழுந்து நடக்கும் உருவத்துக்கும் கூப்பிட்ட பெயருக்கும் பொருந்தாது. பெஞ்சே திரும்பிப் பார்க்கும். இந்த அரை நிமிடத்துக்குப் பயந்தே வராமல் இருந்துவிட்டவர்கள் ஏராளம். சீட்டில் விரும்பும் பெயரையும் சேர்த்து எழுதவும், பெயருக்குப் பதில் எண்ணைச் சொல்லிக் கூப்பிடவும் எந்த மருத்துவமனைக்கும் தனி நிதி வேண்டியதில்லை. கண்காணிப்பாளர் ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும்.

உள்ளே போனால் நல்ல மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, "உங்கள எப்படிக் கூப்பிடணும்மா?" என்பதாக இருக்கும். அடுத்தது, "எதுக்காக வந்திருக்கீங்க, சொல்லுங்க." இதற்கு மனப்பாடமான பதில் தேவையில்லை. எட்டு வயதிலேயே தெரிந்தது என்று சொல்பவரும் உண்டு, இருபத்தைந்தில்தான் புரிந்தது என்பவரும் உண்டு. குழப்பமாக இருக்கிறது என்று சொன்னாலும் சிகிச்சைக் கதவு மூடிவிடாது. மருந்து வேண்டும், அறுவை வேண்டாம் என்று சொல்லலாம். இரண்டும் இப்போது வேண்டாம், பேசத்தான் வந்தேன் என்றும் சொல்லலாம். புடவை கட்டிக்கொண்டு போனால்தான் நம்புவார்கள் என்று மூத்த திருநங்கையர் சிலர் இன்னமும் பிள்ளைகளை அலங்கரித்து அனுப்புகிறார்கள். பழைய காலத்து அனுபவம் அவர்களை அப்படிச் சொல்லவைக்கிறது. லுங்கியும் சட்டையுமாகப் போனவரையும் மருத்துவர் அதே மரியாதையோடு கேட்க வேண்டும்.

மனநல மருத்துவரிடமும் அனுப்புவார்கள். பைத்தியம் என்று முத்திரை குத்தப் போகிறார்கள் என்ற பயத்தில் பலர் இந்த இடத்திலேயே திரும்பிவிடுகிறார்கள். அங்கே பார்க்கப்படுவது வேறு. தூக்கம் எப்படி, மனச்சோர்வு உண்டா, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததுண்டா, வீட்டில் அடி விழுகிறதா, துணைக்கு ஒருவராவது இருக்கிறாரா என்பதை அறிவது. என்ன முடிவு எடுக்கிறோம், அதன் விளைவு என்ன என்று வந்தவருக்குப் புரிந்திருக்கிறதா என்று உறுதிசெய்வது. நம் மருத்துவமனைகளில் ஹார்மோனுக்கு முன் பெரும்பாலும் மனநல மருத்துவரின் கடிதம் கேட்கப்படுகிறது, அதனால் ஒரே வருகையில் எல்லாம் முடியாமல் போகலாம். பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு அறுவை கிடையாது. ஆலோசனையும் குடும்பத்தோடு பேசுவதும்தான் அந்த வயதுக்கான முதல் சிகிச்சை.

மருத்துவர் கேட்கவேண்டிய ஒரு கேள்விக்கு மறைக்காமல் பதில் சொல்ல வேண்டும்: ஏற்கெனவே ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா? மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் கிடைக்கும் கருத்தடை மாத்திரையை, சீக்கிரம் மார்பு வளரும் என்று தோழியர் சொல்ல, நாளுக்கு மூன்று நான்கு என்று விழுங்கும் பழக்கம் ஊரெல்லாம் இருக்கிறது. அதில் இருக்கும் எத்தினைல் எஸ்ட்ராடையால் என்ற செயற்கை ஹார்மோன் இரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டுவது. கால் இரத்தக் குழாயில் உறையும் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிர் போகலாம். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். கிளினிக்கில் கொடுக்கும் எஸ்ட்ராடையால் உடம்பு இயல்பாகச் சுரக்கும் ஹார்மோனை ஒத்தது. அளவு தெரிந்து, இரத்தப் பரிசோதனையோடு கொடுக்கப்படுவது. மாத்திரை சாப்பிட்டதைச் சொன்னால் திட்டுவார்களோ என்று மறைத்தால், மருத்துவர் கண்ணைக் கட்டிக்கொண்டு மருந்து எழுத நேரும். திட்டும் மருத்துவர்களும் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். நாம் கொடுக்காததால்தான் அவர்கள் கடைக்குப் போனார்கள்.

பிறகு எடை, இரத்த அழுத்தம், இரத்தம் எடுப்பது. ஹீமோகுளோபின், சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல், சிறுநீரகம், ஹார்மோன் அளவுகள் என்று பட்டியல் நீளும், ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. ஆண் ஹார்மோனைக் கட்டுப்படுத்தத் தரப்படும் ஸ்பைரனோலாக்டோன் சிறுநீரை அதிகமாக்கும், இரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டும். வெயிலில் களத்து மேட்டில் வேலை செய்பவர் தன் வேலை என்னவென்று சொல்லிவிட வேண்டும், தண்ணீர் வற்றி மயங்கி விழ வாய்ப்புண்டு. திருநம்பிகளுக்குப் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி இரத்தத்தின் அடர்த்தியைக் கூட்டும், அதனால் அவர்களுக்கு ஹீமோகுளோபின் கணக்கு முக்கியம். எச்.ஐ.வி. பரிசோதனையைச் சம்மதம் கேட்காமல் செய்யக் கூடாது. முதல் நாளே ஆடையைக் களையச் சொல்ல வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. உடல் பரிசோதனை தேவைப்பட்டால் காரணம் சொல்லி, அனுமதி கேட்டு, மறைவான இடத்தில், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். பயிற்சி மாணவர்களை அழைத்து வந்து சுற்றி நிறுத்திக் காட்டுவது கூடாது. வந்தவருக்கு வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டு.

மருந்து எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதையும் அன்றே பேசிவிட வேண்டும். எஸ்ட்ரோஜனால் மார்பு அரும்ப மூன்று முதல் ஆறு மாதம் ஆகும், முழு வளர்ச்சிக்கு இரண்டு மூன்று ஆண்டு. குரல் மாறாது, அதற்குப் பயிற்சி தனி. முளைத்த தாடி போகாது, அதற்கு லேசர் தனி. டெஸ்டோஸ்டிரோனால் சில மாதங்களில் மாதவிலக்கு நிற்கும், ஓராண்டுக்குள் குரல் உடையும். உடைந்த குரல் ஊசியை நிறுத்தினாலும் திரும்பாது. மாதவிலக்கு நின்றதால் கருத்தரிக்காது என்று நம்பிவிடக் கூடாது. பின்னாளில் சொந்தப் பிள்ளை வேண்டுமா என்ற கேள்வியையும் மருந்து தொடங்குவதற்கு முன்பே எழுப்ப வேண்டும். விந்தணுவையோ கருமுட்டையையோ சேமிக்கும் வசதி நகரத்துத் தனியார் கருத்தரிப்பு மையங்களில் இருக்கிறது, செலவுதான் கூலிக்காரர் கைக்கு எட்டாது. எட்டாது என்பதால் மருத்துவர் அதைச் சொல்லாமல் விடுவது தவறு. முடிவு எடுப்பவர் தெரிந்துகொண்டு எடுக்கட்டும்.

திருநம்பிகளைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். வீட்டைவிட்டு வந்த திருநங்கைக்கு ஒரு ஜமாத்து இருக்கிறது, கூவாகத்தில் ஒரு திருவிழா இருக்கிறது. நடவு வயலில் பெண்களோடு வரிசையில் நிற்கும் திருநம்பிக்கு எதுவும் கிடையாது. அவரை ஊர் "பொட்டப்புள்ள, பேண்ட் போட்டுக்கிட்டுத் திரியுது" என்று பார்க்கும். இருபது வயதில் மாப்பிள்ளை பார்த்துவிடும். தனியாக மதுரைக்கோ சென்னைக்கோ போக வீட்டில் விடமாட்டார்கள். அவருடைய முதல் சந்திப்பு அவர் ஊருக்குப் பக்கத்திலேயே நடந்தாக வேண்டும். ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் அறுவை அரங்கம் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்த ஒரு மருத்துவர், இரத்தம் எடுக்க ஓர் ஆய்வகம், மேலே அனுப்ப ஒரு கடிதம், இவை பட்டுக்கோட்டையிலும் மன்னார்குடியிலும் இருக்க முடியும். மருத்துவக் கல்லூரி உள்ள தஞ்சாவூர் இந்த வலைக்கு நடுவில் நின்று, சுற்றியுள்ள தாலுகா மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும்.

கூட வரும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அம்மாவோ அப்பாவோ கூட வந்தால் பாதிப் பாரம் குறைந்துவிடும். ஆனால் மருத்துவர் கொஞ்ச நேரம் பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டும் என்பார், அப்போது வெளியே உட்கார்ந்திருங்கள். "சரி பண்ணிடுவீங்களா டாக்டர்?" என்று கேட்கத் தோன்றும், கேளுங்கள். உங்கள் பிள்ளைக்கு நோய் இல்லை என்று அவர் சொல்வார். அன்றைக்கு நம்ப முடியாவிட்டாலும் அடுத்த முறையும் கூட வாருங்கள்.

வெளியே வரும்போது கையில் மருந்துச் சீட்டு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இரத்தப் பரிசோதனை முடிவும் கடிதமும் வந்த பிறகே மருந்து தொடங்கும் இடங்கள் உண்டு. அன்று மருந்து எழுதவில்லை என்பதற்காக மறுத்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். கிளம்புமுன் மூன்றைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: அடுத்து வரவேண்டிய தேதி, பரிசோதனை முடிவு கிடைக்கும் இடம், இடையில் கால் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ எங்கே போவது. கேஸ் ஷீட் நகல் ஒன்றும் கேளுங்கள், வேறு ஊருக்குப் போனாலும் அது உதவும். மருந்து தொடங்கியபின் முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் பார்க்க வேண்டும். யார் சொன்னாலும் அளவை நீங்களாகக் கூட்டிக்கொள்ள வேண்டாம்.